பெட்டி இல்லாமல் வா, மகன்

காத்தான்குடி,
சனிக்கிழமை மாலை.

அன்பு மகன் இஷாமுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் உன் அறைக் கூட்டாளிமாரும் அந்த வெயிலில் வாடி வதங்காமல் நல்ல சுகத்தோடு இருக்க அல்லாஹ் துணை. இங்கே நானும் வாப்பாவும் உன் ராத்தா ஸில்மியாவும் நலம், என் வலது முழங்காலையும் உன் வாப்பாவின் வாயையும் கழித்துவிட்டுப் பார்த்தால் ஒரு குறையும் இல்லை. கச்சான் காற்று இந்த முறை கண்டபடி அடிக்கிறது, காலையில் கூட்டிய முற்றம் பகலில் கூட்டாதது போல் கிடக்கிறது, கிணற்றுத் தண்ணீரும் இறங்கிவிட்டது. கடிதம் எழுதும் பழக்கம் விட்டுப்போய் இருபது வருடம் இருக்கும், வாப்பா சவூதியில் இருந்த காலத்தோடு நிறுத்தியது, எழுத்து கோணல் மாணலாக இருந்தால் சிரிக்காதே. நீ பதினொரு நாளாகப் போன் எடுக்கவில்லை. நான் பேசி அனுப்புவதையெல்லாம் கேட்கிறாய், கேட்டதற்கு அடையாளமாக நீலக் கோடு விழுகிறது, பதில்தான் இல்லை. பக்கத்து வீட்டு ஸாஜித் லீவு முடிந்து நாளைக்கு டோஹாவுக்குத் திரும்புகிறான். போனை எடுக்காமல் இருக்கலாம், வீடு தேடி வருகிற ஆளை என்ன செய்வாய்? அதனால்தான் பேனையை எடுத்தேன்.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். பெருநாளுக்கு நீ இலங்கைக்கு வந்ததும், பத்து நாள் கூட்டாளிமாரோடு தீவு, நீர்வீழ்ச்சி என்று சுற்றியதும், வீட்டு வாசலை மிதிக்காமல் திரும்பிப் போனதும் எங்களுக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியும் என்பது உனக்கும் தெரியும், அதுதானே இந்த ஒளிப்பு. கோபமா என்றால், முதல் இரண்டு நாள் நல்ல கோபம், மூன்றாம் நாள் அழுகை, அதற்குப் பிறகு சிரிப்பு. பெருநாள் காலையில் படம் காட்டாமல் குரலில் மட்டும் பேசினாயே, கம்பனியில் ஆள் பத்தாது உம்மா, லீவு தரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள் என்று எவ்வளவு சோகமாகச் சொன்னாய். அந்த நேரம் உனக்குப் பின்னால், தெருத் தெருவாக ரொட்டி விற்று வருகிற சூன் பாண் ஆட்டோவின் பாட்டுக் கேட்டது. கட்டார் பாலைவனத்தில் பாண் ஆட்டோ எங்கால வந்தது என்று நான் கேட்க, அது நேப்பாளக் கூட்டாளியின் போன் மணி என்றாய். நானும் நம்பினேன், மகன். நேப்பாளத்திலும் பாண் இப்படித்தான் விற்பார்கள் போலிருக்கு என்று வாப்பாவுக்கு விளக்கம் வேறு சொன்னேன். ஊரில் யாருக்காவது இதைச் சொல்லியிருந்தால் என்னைக் கொண்டு போய் வைத்தியரிடம் காட்டியிருப்பார்கள்.

பிடித்தது உன் ராத்தாதான். ஒரு நாள் பகல் சோறாக்கிவிட்டு போனைத் தடவிக்கொண்டிருந்தவள் திடீரென்று "உம்மா, ஓடி வாங்க, தம்பிட குரல்" என்று கத்தினாள், நான் பயந்து அகப்பையோடு ஓடினேன். உன் மலையாளக் கூட்டாளி ஷமீல் படம் பிடித்துப் போட்டிருக்கிறானே, குறைந்த செலவில் பத்து நாள் இலங்கை என்று, அது. ஒரு பெரிய நீர்வீழ்ச்சி, புகை போலத் தண்ணீர் தூவுகிறது, பாறையெல்லாம் பாசி. மூன்று பெடியன்கள் கூத்தாடிக்கொண்டு இறங்குகிறார்கள். ஆளைக் காணவில்லை, பக்கத்திலிருந்து குரல் மட்டும் வருகிறது, "டேய் மெதுவா, மெதுவா, வழுக்கும், செருப்பக் கழட்டிட்டு இறங்கு" என்று. அந்த மலையாளத்துக்கும் நேப்பாளத்துக்கும் நடுவில் நம் ஊர்த் தமிழ்! அவன்களுக்கு அது விளங்கியதோ இல்லையோ, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் இறங்கினார்கள். குளியலறையில் நான் உனக்குச் சொல்லும் அதே சொல், அதே இழுவை. அதற்குப் பிறகு முழுவதையும் தேடித் தேடிப் பார்த்தோம். நிலாவெளியில் நாலு பேருக்கு ஒரு அறை, ஒரு கட்டிலில் இரண்டு பேர், கீழே இரண்டு பேர். புறாத்தீவில் மீன் பார்க்கும் கண்ணாடி இரண்டுதான் வாடகைக்கு எடுத்து நாலு பேரும் மாறி மாறிப் போட்டுக்கொண்டு தண்ணீருக்குள் முங்குகிறீர்கள். ஒரு கொத்துரொட்டிப் பொட்டலத்தை நடுவில் வைத்து நாலு கை பாய்கிறது. பதுளை பஸ்ஸில் இருக்க இடமில்லாமல் பையின் மேல் குந்திக்கொண்டு போகிறீர்கள். எல்லாவற்றிலும் நீ ஒரு ஓரத்தில், தொப்பியும் முகக் கவசமும் போட்டுக்கொண்டு கள்ளன் மாதிரி. அந்தத் துன்ஹிந்த நீர்வீழ்ச்சியில் மட்டும் நனைந்த கவசத்தைக் கழற்றிப் பிழிந்தாய், அப்போது அந்த நேப்பாளப் பிள்ளை வழுக்கித் தண்ணீருக்குள் தொப்பென்று விழ, நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

அந்தச் சிரிப்பை வாப்பா பதினாலு தரம் பார்த்தார், நான் எண்ணினேன். முதலில் கத்தினார். பெருநாளுக்கு ஊருக்கு வராத இவன் எனக்கு மகனா, போனை எடுத்து எறி என்றார். எறியவில்லை, தானே வாங்கி வைத்துக்கொண்டார். பிறகு "இவன் நிக்கிற பாறையப் பாரு றஸீனா, கொஞ்சம் கால் பிசகினா என்னாகும், நீச்சல் தெரியுமெண்டு எல்லாத்திலயும் பாயுறதா" என்று பாறைக்கும் உனக்கும் சேர்த்து ஏச்சு. அதற்குப் பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரும்பத் திரும்பப் பார்த்தார். கடைசியில் சொன்னார், "நம்மளோட போன்ல கதைக்கக்குள்ள இவன் ஒரு நாளும் இப்பிடிச் சிரிச்சதில்ல கா" என்று. நாங்கள் போனில் என்ன கதைக்கிறோம்? ராத்தா வீட்டுக்குக் கூரை போட்டாச்சு, ஓடு பத்தாது, பூச்சு வேலைக்கு ஆள் வந்திருக்கு, கதவுக்கு மரம் பார்க்க வேண்டும். பெண் பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுக்காமல் கலியாணம் பேச முடியாத ஊரில் பிறந்துவிட்டோம், நீ உழைத்து அந்த வீட்டைக் கட்டினாய், அல்லாஹ் உனக்கு அதற்குக் கூலி தருவான். ஆனால் ஏழு வருடத்தில் ஒரு நாளாவது மகன் எங்கேயாவது போய்ப் பார்த்தாயா, கடலில் குளித்தாயா என்று நான் கேட்டிருக்கிறேனா? இல்லை.

உன் ராத்தா செய்த வேலையையும் சொல்லவேண்டும், அவளுக்கு உலகம் தெரியாது. உலகமே பார்க்கும் அந்தப் படத்துக்குக் கீழே "இது எங்கட தம்பி இஷாம், தம்பி உம்மா உன்னத் தேடுறா, உடன போன் எடு" என்று எழுதிவிட்டாள். அதற்குக் கீழே முன்னூறு மலையாளிகள் சிரிக்கும் முகம் போட்டிருக்கிறார்கள். ஒருத்தன் உம்மாவுக்கு ஸலாம் சொல்லியிருக்கிறான், நல்ல பிள்ளை. அன்றைக்கு நீ மௌனமானவன்தான், இன்னும் வாய் திறக்கவில்லை. வெட்கத்தில்தான் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் ஏன் வரவில்லை என்பது எனக்குப் பிடிபடவில்லை. பெண் ஏதும் விருப்பமா, எங்களோடு ஏதும் மனவருத்தமா என்று நான் கற்பனை செய்யாதது இல்லை. கடைசியில் ஸாஜிதைப் பிடித்தேன். முதலில் எனக்கு ஒன்றும் தெரியாது மாமி என்று தலையைச் சொறிந்தான், இரண்டு இடியப்பமும் ஆட்டிறைச்சிக் கறியும் வைத்த பிறகு சொன்னான். "மாமி, இந்த வருசம் அவனுக்கு ஓவர்டைம் இல்ல. ஊருக்குப் போறதெண்டா ரெண்டு பெட்டி நிரப்போணும், இல்லாட்டிப் போகேலா. கூட்டாளிமாரோட சுத்துறதெண்டா முதுகுப் பை ஒண்டே காணும், வீட்ட போறத விட உலகத்தச் சுத்துறது மலிவுடா எண்டு சொன்னவன்" என்றான். அவன் சிரித்துக்கொண்டுதான் சொன்னான், என்னால் சிரிக்க முடியவில்லை.

ஏனென்றால் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது, மகன். போன முறை நீ வந்து பெட்டி பிரித்த நாள். பெட்டி வந்துவிட்டது என்றால் நம் ஒழுங்கையில் அழைக்காமலே ஆள் வரும், அது நமக்குப் பழக்கம், வாப்பா சவூதியிலிருந்து வந்த காலத்திலும் அப்படித்தான். பதினேழு வீட்டுக்கு நானே பங்கு வைத்தேன், இவளுக்குச் சவுக்காரம், அவளுக்குத் தைலம், மாமாவுக்குச் சாரன், பள்ளிவாசல் முஅத்தினுக்குப் பேரீச்சம்பழம், பிள்ளைகளுக்குச் சொக்லட். நீ களைப்பில் சுவரில் சாய்ந்துகொண்டு பார்த்திருந்தாய், உனக்குத் தேத்தண்ணி தந்தோமா என்றே எனக்கு நினைவில்லை. கடைசியில் பஸ்னா சாச்சிக்கு அத்தர்ப் போத்தல் பத்தாமல் போய்விட்டது. என் கூடப் பிறந்த தங்கச்சி முகத்தைத் தூக்கிக்கொண்டு எழும்பிப் போனாள், எனக்கு அவமானம். அந்தக் கோபத்தில் உன்னைப் பார்த்து, "வாறதெண்டா ஒழுங்கா வாறது, இல்லாட்டி வராம இரிக்கிறது" என்று சொன்னேன். சொன்னவள் அடுத்த நாளே மறந்துவிட்டேன். நீ இரண்டு வருடமாக அதைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறாய். உம்மா சொன்னதைக் கேட்கிற பிள்ளை என்று உன்னைப் பற்றி ஊரெல்லாம் பெருமை அடித்தவள் நான், நீ அதையும் கேட்டுவிட்டாய். அது கோபத்தில் வந்த பேய்ச் சொல், மகன். அதை நான் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். என்னை மன்னித்துவிடு.

மன்னிப்பை எழுதிவிட்டுச் சும்மா இருக்க மாட்டேன் என்று உனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் குடையை எடுத்துக்கொண்டு அந்தப் பதினேழு வீட்டுக்கும் போனேன். அடுத்த லீவுக்கு இஷாம் வருவான், கொண்டு வருவது ஒன்றும் இல்லை, பார்க்க ஆசையுள்ளவர்கள் வந்து பாருங்கள், வருகிறவர்கள் வேண்டுமென்றால் அவனுக்கு ஏதாவது கொண்டு வாருங்கள் என்று சொன்னேன். சிலர் நல்ல கதை என்றார்கள், சிலர் இவளுக்கு என்ன நடந்தது என்பது போல் பார்த்தார்கள், மாமி ஒருத்தி மட்டும் சவுக்காரமும் இல்லையா என்று கேட்டாள், இல்லை என்றேன். பஸ்னா வீட்டை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்திருந்தேன். நடந்ததைச் சொன்னதும் அவள் அப்படியே கதிரையில் இருந்துவிட்டாள். "அந்த அத்தருக்காகவா ராத்தா புள்ள வீட்ட வரல்ல" என்று அழுதாள், பிறகு அந்தக் கையோடு எழும்பி கூனி இறால் வறுக்கத் தொடங்கினாள். ஸாஜிதின் பையில் இருக்கும் சிவப்பு மூடிப் போத்தல் அவள் இடித்த கூனிச் சம்பல். உறைப்பு கூட, நேப்பாளப் பிள்ளைக்குக் கொஞ்சமாகக் கொடு. பெருநாள் குர்பான் இறைச்சியில் உன் பங்கை உப்புக்கண்டம் போட்டு வைத்திருந்தேன், அதுவும் அதற்குள் இருக்கிறது.

இனி, நம் ஊர் வாவியில் நீ தோணி ஏறிய கதைக்கு வருகிறேன். ஷமீலின் படத்தில் கல்லடிப் பாலமும் ஒரு தோணியும் வருவதைக் கண்டு வாப்பா நேராக வினாயகமூர்த்தி அண்ணனிடம் போனார். மீன்பிடி குறைந்த பிறகு அவர்தானே வெளியூர் ஆட்களைத் தோணியில் தீவு காட்டக் கொண்டு போகிறார். உன்னைச் சின்ன வயதிலிருந்து கண்ட மனிசன், உனக்கு நீந்தப் பழக்கியவர்களில் ஒருத்தர், அவரிடம் போய் நீ இங்கிலீசில் ஹவ் மச் சேர் என்று கேட்டாயாம்! அவரும் விடவில்லையாம், நல்ல இங்கிலீசில் பதில் சொன்னாராம். ஷமீல் காத்தான்குடியைக் காட்டி அது என்ன ஊர் என்று கேட்க, நீ தெரியாதவன் போல் தோணிக்காரரைப் பார்க்க, "தட் இஸ் காத்தான்குடி சேர், வெரி குட் பீப்பிள்" என்றாராம். "பெடியன் என்னவோ நோக்கத்தோட வந்திரிக்கான், நான் ஏன் காட்டிக் குடுக்கணும் எண்டு இருந்திட்டன் காக்கா, ஆனா காசு மட்டும் ஊராக்கள்ட்ட எடுக்கிறதத்தான் எடுத்தன்" என்று வாப்பாவிடம் சொல்லியிருக்கிறார். வாப்பா வந்து இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார், உன்மேல் இருந்த மீதிக் கோபமும் அதோடு போய்விட்டது.

கோபம் போனால் உன் வாப்பாவுக்கு ஆசை வரும். மகன் பார்த்ததை நாமும் பார்ப்போம் என்று இன்று விடிந்ததும் என்னையும் கிளப்பினார். எனக்கு ஐம்பத்தேழு வயது, வாவியைப் பார்த்துத்தான் கண் விழிக்கிறேன், அதில் உள்ள ஒரு தீவிலும் கால் வைத்ததில்லை. மிதவைச் சட்டை என் அபாயாவுக்கு மேல் பூட்ட முடியவில்லை, கயிற்றால் கட்டினார்கள், பொதி மாதிரி இருந்தேன். புட்டும் மீன் பொரியலும் கட்டிக்கொண்டு போனோம், பட்ஜெட் பயணம் என்றால் சாப்பாடு வீட்டிலிருந்து என்று வாப்பா ஷமீலின் படத்தில் படித்திருக்கிறார். எருமைத்தீவில் எருமை இல்லை, நீர்க்காகமும் அதன் எச்சமும்தான். அடுத்தது பெயரில்லாத ஒரு திட்டு, அங்கே வாப்பா வீரமாக முதலில் குதித்தார், சேறு ஒரு செருப்பை விழுங்கிவிட்டது, ஒற்றைக் காலில் நின்றுகொண்டு இது என்ன தீவு என்று அரசாங்கத்தை ஏசினார். நான் சிரித்த சிரிப்பில் தோணி ஆடியது. கண்டல் மரங்களுக்கு நடுவில் தோணி போகும்போது நல்ல குளிர்ச்சி, ஒரு சத்தமும் இல்லை, இவ்வளவு அழகு நம் பின்வாசலில் இருந்திருக்கிறது. அடுத்தது துன்ஹிந்த என்று வாப்பா முடிவெடுத்துவிட்டார், என் முழங்காலை அவர் கேட்கவே இல்லை.

திரும்பி வரும்போது ஆற்றங்கரை வீதிப் பக்கமாக வந்தோம். சீனி வருத்தத்துக்கு நானும் பஸ்னாவும் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு நடக்கிற இடம். அங்கே வினாயகமூர்த்தி அண்ணன் மெசினை நிறுத்திவிட்டு, சொல்வதா விடுவதா என்று யோசித்தவர் போல் சொன்னார், "தங்கச்சி, அண்டைக்கு நீங்களும் உங்கட தங்கச்சியும் இந்தக் கரையில நிண்டீங்க, எங்களுக்குக் கையும் காட்டினீங்க" என்று. எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஒரு தோணி நிறையப் பெடியன்கள், ஒருத்தன் தகரப் பேணியில் தட்டிப் பாடிக்கொண்டு வந்தான், ஒருத்தன் எங்களைப் பார்த்து இரண்டு கையையும் ஆட்டினான். யார் பெற்ற பிள்ளைகளோ சந்தோசமாக இருக்கட்டும் என்று நானும் கையை ஆட்டினேன், ஆரெண்டு தெரியாம கை காட்டுறியே ராத்தா என்று பஸ்னா என்னைக் கேலி பண்ணினாள். தொப்பி போட்ட ஒருத்தன் மட்டும் குனிந்து தண்ணீரை அள்ளி அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டிருந்தான், வெயிலுக்கு முகம் கழுவுகிறான் என்று நினைத்தேன். "பாலம் தாண்டும் வரைக்கும் தம்பி நிமிரல்ல, கழுவிக் கொண்டேதான் இருந்தவன்" என்றார் அண்ணன். வாப்பா மற்றப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மகன், அழுகிற பிள்ளைக்கு முன்னால் நின்று சிரித்துக்கொண்டு கையாட்டிய தாயை அல்லாஹ் மன்னிக்கட்டும். இனி எப்போது வந்தாலும் வெறுங்கையோடு வா, கூட்டாளிமாரையும் கூட்டிக்கொண்டு வா, நாலு பேருக்கும் நம் வீட்டு மண்டபத்தில் பாய் இருக்கிறது, வாடகை இல்லை. போனைப் பற்றி நான் கட்டாயப்படுத்த மாட்டேன், ஆனால் எடுத்தால் வீட்டு வேலை, ஓடு, கதவு ஒன்றும் கதைக்க மாட்டேன், நீர்வீழ்ச்சியில் தண்ணீர் குளிரா என்று மட்டும் கேட்பேன். பாறையில் ஏறும்போது செருப்பைக் கழற்று. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் சுகத்தையும் மனம் நிறைந்த சிரிப்பையும் தரட்டும், ஆமீன். ஞாபகமாக ஒன்று: சாச்சியின் போத்தல் முடிந்ததும் அதில் எதையும் நிரப்பித் திருப்பி அனுப்பாதே, எறிந்துவிடு.

நான் இப்போதும் அஸருக்குப் பிறகு அதே கரையில்தான் நடக்கிறேன். இனித் தோணி போனால் ஒன்று விடாமல் எல்லாவற்றுக்கும் கை காட்டுவேன்.

உன்னைக் கண்டும் காணாமல் விட்ட உம்மா,
றஸீனா கச்சி முகம்மது